புதிய மென்பொருளை எந்த நாளில் தொடங்குவது? ஒரு நிதி மேலாளரின் கடிதத்துக்குப் பதில்

தம் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கும் இந்த வாசகர், ஓர் உற்பத்தி, விநியோக நிறுவனத்தின் நிதி மேலாளர். தலைமை அலுவலகமும் மூன்று கிடங்குகளும் கொண்ட அந்நிறுவனத்தில் கணக்குகள் ஒரு பழைய மென்பொருளிலும், சரக்கிருப்பு பெரும்பாலும் எக்செல் தாள்களிலும், சம்பளம் தனியே வேறொரு மென்பொருளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவை அனைத்துக்கும் மாற்றாக, எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் நடத்தும் ஓர் ஈ.ஆர்.பி. மென்பொருள் நிறுவப்பட்டு வருகிறது. வரும் நிதியாண்டின் முதல் நாளிலேயே ‘கோ-லைவ்’, அதாவது புதிய மென்பொருளில் வேலை தொடங்கும், என்று உரிமையாளர் ஊழியர் கூட்டத்தில் அறிவித்துவிட்டார். அதற்கு இன்னும் பத்து வாரங்களே உள்ளன.

டேட்டா மைக்ரேஷன், அதாவது பழைய தரவுகளைப் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோவது, ஒரே ஒருமுறைதான் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்கிறது. அதில் வாடிக்கையாளர் நிலுவைத் தொகை பழைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை. ஒரே பொருள் இரண்டு மூன்று குறியீடுகளில் பதிவாகியிருப்பதும் அப்போதுதான் தெரியவந்தது. புதிய ஆண்டின் மூன்றாம் வாரத்தில் தணிக்கையாளர்கள் வருகிறார்கள். நிறுவனத்தின் விற்பனை நிதியாண்டின் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாத இறுதிவரை உச்சத்தில் இருக்கும். பழைய கணக்கு மென்பொருளுக்கான பராமரிப்பு ஒப்பந்தம் ஆண்டின் முதல் மாதத்தோடு முடிகிறது. மென்பொருளை நிறுவித் தரும் நிறுவனமோ, தேதி தள்ளிப்போனால் தம் ஆட்கள் வேறு பணிக்குப் போய்விடுவார்கள் என்கிறது. ஆகவே அதற்கடுத்த நிதியாண்டின் முதல் நாள்வரை, அதாவது முழுதாக ஓராண்டு தள்ளிவைக்க வாசகர் விரும்புகிறார். ஆண்டின் நடுவே மாறினால் கணக்கு குழம்பிவிடாதா, உரிமையாளர் இசையாவிட்டால் பழையதையும் புதியதையும் மூன்று மாதம் சேர்த்து ஓட்டினால் ஆபத்து நீங்குமா, ‘தயார்’ என்று கையெழுத்திடச் சொன்னால் மறுக்கலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். நீங்களும் உங்கள் உரிமையாளரும் எதிரெதிர் நிலையில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிதியாண்டின் முதல் நாள்தான் மாறுவதற்குரிய நாள் என்பதில் இருவரும் ஒரே கருத்தில் இருக்கிறீர்கள். எந்த ஆண்டின் முதல் நாள் என்பதில் மட்டுமே வேறுபாடு. பத்து வாரத்தில் வேண்டாம் என்ற உங்கள் எச்சரிக்கை சரியானது. ஆனால் அதற்காக ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற முடிவு சரியானதென்று எனக்குப் படவில்லை.

ஆண்டின் முதல் நாள் தரும் வசதியும் அதன் விலையும்

முதல் நாளின் கவர்ச்சிக்குக் கணக்கியல் காரணம் உண்டு. அன்று வருமானக் கணக்குகளும் செலவுக் கணக்குகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகின்றன. சொத்து, கடன், மூலதனம் ஆகியவற்றின் இருப்புகளை மட்டும் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோனால் போதும். முழு ஆண்டின் அறிக்கைகளும் ஒரே இடத்திலிருந்து கிடைக்கும். மைக்ரேஷன் வேலை இதனால் கொஞ்சம் குறைகிறது என்பது உண்மை.

ஆனால் அந்த முதல் நாளில் முந்தைய ஆண்டின் கணக்கு முடிந்திருப்பதில்லை. தணிக்கை முடியும்வரை திருத்தப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய மென்பொருளில் ஏற்றிவைத்த தொடக்க இருப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆட்கள். ஆண்டிறுதிக் கணக்கை முடிப்பவர்கள், சரக்கை எண்ணிச் சரிபார்ப்பவர்கள், தணிக்கையாளர் கேட்கும் ஆவணங்களைத் தேடித் தருபவர்கள், புதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் உங்கள் துறையின் அதே சில பேர்தாம். ஆண்டின் வேறெந்த மாதத்திலும் அவர்களுக்கு இவ்வளவு சுமை கிடையாது. வசதி கணக்குப் புத்தகத்துக்கு, அவதி மனிதர்களுக்கு என்ற இந்த ஏற்பாட்டை வலியச் சென்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஆண்டின் நடுவே ஒரு மாதத்தின் முதல் நாளில் மாறினால் கணக்கு குழம்பாது, வேலைதான் கூடும். அந்த வேலை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய மாத இறுதி இருப்பாய்வை, அதாவது எல்லாக் கணக்குகளின் இருப்புகளையும் தொகுத்த பட்டியலை, ஏற்ற வேண்டும். அதுவரையிலான வருமானத்தையும் செலவையும் மாதவாரியாக, கணக்குத் தலைப்புவாரியாகத் தொகுத்து, மாதத்துக்கு ஒரு பதிவாக ஏற்றினால் ஒப்பீட்டு அறிக்கைகள் சரியாக வரும். பழைய வவுச்சர்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டியதையும் விற்பவர்களுக்குத் தர வேண்டியதையும் மட்டும் மொத்தத் தொகையாக ஏற்றாமல், தீராத ஒவ்வொரு பில்லாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளை வரும் பணத்தை எந்தப் பில்லுக்கு எதிரே வைப்பது என்று தெரியாது. இதை ஆண்டின் முதல் நாளில் மாறினாலும் செய்தே ஆக வேண்டும். நிலையான சொத்துகளுக்கு அதுவரையிலான மொத்தத் தேய்மானத்தோடு நடப்பாண்டுத் தேய்மானத்தையும் பிரித்துத் தர வேண்டும். கூடுதல் வேலை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். உங்கள் தணிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசி, ஏற்றிய இருப்புகளைப் பழைய கணக்கோடு ஒப்பிட்ட சான்று எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தின் நிலை மட்டும் சற்று வேறு. வரிப் பிடித்தமும் வேறு சில கழிவுகளும் ஆண்டு முழுவதற்குமான கூட்டுத்தொகையின் மீது கணக்கிடப்படும் இடங்களில், நடுவில் மாறினால் ஒவ்வோர் ஊழியருக்கும் அதுவரையிலான தொகைகளைப் பிழையில்லாமல் ஏற்ற வேண்டும். சம்பளம் ஏற்கெனவே தனி மென்பொருளில் ஓடுவதால், அதை இந்த முதற்கட்டத்தில் தொடாமல் விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை சம்பளத் தொகுப்பைக் கணக்கில் பதிந்தால் போதும். ஆண்டின் முதல் நாள் என்ற உங்கள் வாதம் சம்பளத்துக்கு நன்றாகப் பொருந்தும்; அதற்காக அந்த நாளை ஒதுக்கி வையுங்கள்.

முன்னோக்கியும் பின்னோக்கியும் எண்ணுதல்

தேதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளை மட்டுமே பார்க்கிறார்கள். மென்பொருள் தொடங்கிய பிறகு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு வேலை மெதுவாகத்தான் நடக்கும். முன்பு கண்ணை மூடிக்கொண்டு போட்ட பில்லுக்குத் திரையில் தேடிப்பார்க்க வேண்டியிருக்கும். முதல் மாதக் கணக்கு முடிப்பு வழக்கத்தைவிடப் பல நாட்கள் கூடுதலாக எடுக்கும். இந்த வாரங்கள் முழுவதும் விற்பனை மந்தமான காலத்துக்குள் அடங்க வேண்டும். ஆகவே மந்த காலத்தின் கடைசியில் தொடங்குவது மந்த காலத்தில் தொடங்கியதாகாது. தடுமாறும் வாரங்கள் உச்சகாலத்துக்குள் போய் விழும்.

ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்துக்கு 1999இல் நேர்ந்தது இதுதான். ஏப்ரலில் தொடங்குவதாக இருந்த புதிய மென்பொருள்கள் ஜூலைக்குத் தள்ளிப்போயின. அமெரிக்கக் கடைகள் ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய்களுக்கு ஆர்டர் கொடுக்கத் தொடங்கும் காலம் அது. கிடங்குகளில் சரக்கு இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது. ஏப்ரலிலேயே தொடங்கியிருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தடுமாறியிருந்தாலும் தடுமாற இடமிருந்திருக்கும்.

பின்னோக்கியும் எண்ண வேண்டும். மென்பொருள் தொடங்கும் நாளுக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களுக்குள் பயிற்சி தர வேண்டும். அதற்கு முன்பே கொடுத்தால் கற்றது மறந்துவிடும். இறுதி ஒத்திகையும் சரக்கு எண்ணிக்கையும் அதே வாரங்களில்தான் வரும். எனவே உச்சகாலம் முடிந்த மறுநாளே, ஏழாம் மாத முதல் நாளில், தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கிடங்கு ஆட்கள் வண்டி வண்டியாகச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் ஆறாம் மாதத்தில் அவர்களை யார் பயிற்சிக்கு உட்காரவைப்பது?

உங்கள் நாட்காட்டியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வரும் ஆண்டின் முதல் இரண்டு மாதங்கள் ஆண்டிறுதி வேலைக்கும் தணிக்கைக்கும் போய்விடுகின்றன. மூன்றாம் மாதம் காலியாகத் தெரிந்தாலும் அதையடுத்து உச்சகாலம் நிற்கிறது. நான்கு முதல் ஆறு பேச்சுக்கே இடமில்லை. ஏழாம் மாதத்தைப் பயிற்சிக்கும் ஒத்திகைக்கும் சரக்கு எண்ணிக்கைக்கும் கொடுத்துவிட்டு, எட்டாம் மாதத்தின் முதல் நாளில் தொடங்குவதே என் பரிந்துரை. அப்படிச் செய்தால் ஆண்டிறுதிக்கு முன்பே எட்டு முதல் பதினொன்று வரையான நான்கு மாதங்களின் கணக்கைப் புதிய மென்பொருளில் முடித்துப் பழகிவிடுவீர்கள்; ஆண்டிறுதிக் கணக்கை முதல்முறையாகப் பழகாத கையோடு செய்ய வேண்டியிராது. மாற்றுத் தேதியாக ஒன்பதாம் மாதத்தின் முதல் நாளையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். எட்டில் தயாராகாவிட்டால் என்ன செய்வது என்ற வாக்குவாதத்தை அப்போதைய பதற்றத்தில் நடத்துவதைவிட இன்று முடித்துக்கொள்வது எளிது.

மூன்று கிடங்குகளையும் ஒரே நாளில் மாற்றுவதா, சிறிய கிடங்கில் தொடங்கி மற்றவற்றைப் பிறகு சேர்ப்பதா என்பது கிடங்குகளுக்கிடையே சரக்கு எவ்வளவு அடிக்கடி போய்வருகிறது என்பதைப் பொறுத்தது. வாரத்துக்கு ஓரிரு முறைதான் என்றால் படிப்படியாகப் போகலாம். தினமும் என்றால், ஒரு மென்பொருளிலிருந்து வெளியேறி இன்னொன்றில் இன்னும் நுழையாத சரக்கு எப்போதும் வழியில் இருக்கும். அதைத் துரத்துவதே ஒருவருக்கு முழுநேர வேலையாகிவிடும். இதைக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் அவர் ஓரிடத்திலும் வரவில்லை என்பது என்னைச் சற்று உறுத்துகிறது.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது பாதுகாப்பா?

மூன்று மாதம் இரண்டையும் ஓட்டினால் ஆபத்து நீங்கும் என்ற நம்பிக்கை, காகிதப் பேரேட்டிலிருந்து கணினிக்கு மாறிய காலத்தில் நியாயமாக இருந்திருக்கலாம். சம்பளத்துக்கு அது இன்றும் நல்ல முறை: ஒரே உள்ளீட்டை இரண்டிலும் கொடுத்து, ஒவ்வோர் ஊழியரின் நிகரச் சம்பளமும் ஒத்திருக்கிறதா என்று இரண்டு, மூன்று மாதங்கள் பார்க்கலாம்.

ஆர்டர், அனுப்புகை, கொள்முதல் ஆகியவற்றில் இது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒவ்வொரு பதிவையும் இருமுறை போட வேண்டிய ஊழியர், வேலை குவியும் நாளில் பழகிய மென்பொருளில் போட்டுவிட்டு மற்றதை மாலைக்கு ஒத்திவைப்பார். மாலையில் நேரம் இருக்காது. ஒரு வாரத்தில் இரண்டின் இருப்பும் வேறுபடும், வேறுபாடு மென்பொருளின் பிழையா, விடுபட்ட பதிவா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக, முடிந்துபோன ஒரு மாதத்தை எடுத்து, அதன் பரிவர்த்தனைகளைப் புதிய மென்பொருளின் சோதனைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்; வராவிட்டால் எங்கே பிழை என்று அமைதியாகத் தேடலாம். தொடங்கிய நாள் முதல் பழைய மென்பொருளைப் பார்வைக்கு மட்டும் திறந்து வைத்து, புதிய பதிவுக்குப் பூட்டிவிடுங்கள்.

தேதி நிற்க வேண்டுமானால் நிறைவேற வேண்டியவை

தேதியைத் தள்ளினாலே தயாராகிவிட முடியாது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி, 2017 நவம்பருக்குத் திட்டமிட்டிருந்த மாற்றத்தைத் தள்ளிவைத்து 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் செய்தது. வாடிக்கையாளர் தரவுகள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தாங்க வேண்டிய தளம்தான் தடுமாறியது. ஏறத்தாழ 19 லட்சம் வாடிக்கையாளர்களால் தங்கள் கணக்கைத் திறக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. ஆகவே புதிய தேதியைக் கேட்கும்போதே, அதற்குள் எவை நிறைவேற வேண்டும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் நிலையில் நான் விட்டுக்கொடுக்காதவை இவை.

முதலாவது, தரவு. முழு மைக்ரேஷன் ஒத்திகை இன்னும் இரண்டு முறையாவது நடக்க வேண்டும். இருப்பாய்வு ஒத்துப்போக வேண்டும். தனித்தனி வாடிக்கையாளர் நிலுவைகளின் கூட்டுத்தொகை பொதுப் பேரேட்டில் அந்த நிலுவைகளை ஒரே தொகையாகக் காட்டும் கட்டுப்பாட்டுக் கணக்கின் இருப்போடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். சரக்கின் அளவு கிடங்குவாரியாகவும் மதிப்பு மொத்தமாகவும் சரியாக இருக்க வேண்டும். ஒத்திகைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கிடங்கை மூடக் கிடைக்கும் நேரத்தைவிட அது நீண்டால் தேதியே செல்லாது. இரட்டைக் குறியீடுகளை மென்பொருள் தொடங்கிய பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு குறியீட்டின் மீது பரிவர்த்தனைகள் ஏறிவிட்டால் அதை இன்னொன்றோடு இணைப்பது பல மடங்கு கடினம். இந்த வேலைக்கு மென்பொருள் தயாராகக் காத்திருக்கவும் வேண்டாம். இன்றே எக்செல் தாளில் தொடங்கலாம்.

இரண்டாவது, உங்கள் ஆட்களே ஓர் ஆர்டரை வாங்குவதில் தொடங்கி, சரக்கு அனுப்பி, பில் போட்டு, பணம் வரவு வைக்கும்வரை ஆலோசகரின் உதவியில்லாமல் முடித்துக் காட்ட வேண்டும். பாதித் தொகை வருவது, சரக்கு திரும்பி வருவது, போட்ட பில்லை ரத்து செய்வது போன்றவையும் அதில் சேர வேண்டும். நிறுவுபவர்கள் செய்துகாட்டும் டெமோவில் சரக்கு ஒருபோதும் திரும்பி வருவதில்லை.

மூன்றாவதை எல்லாரும் அற்பமென்று நினைப்பார்கள்: லேபிள் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், பில்லின் அச்சு வடிவம், கிடங்கின் கடைசி மூலையில் வைஃபை. முதல் நாள் காலையில் லாரிகளை நிறுத்திவைப்பவை பெரும்பாலும் இவைதாம். எல்லாரும் ஒரே நேரத்தில் மென்பொருளுக்குள் நுழைந்து வேலை செய்யும் ஒத்திகை ஒன்றும் நடக்கட்டும்.

நான்காவது, திரும்பும் வழி. எந்த மணி வரை பழையதற்குத் திரும்ப முடியும், அந்த முடிவை எடுப்பவர் யார் என்று பெயரோடு எழுதிவையுங்கள். புதிய மென்பொருளிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் பில்களும் வங்கிக்குப் பணம் செலுத்தும் கட்டளைகளும் போய்விட்ட பிறகு திரும்புவது அநேகமாக இயலாது.

ஒப்பந்தமும் கையெழுத்தும்

ஆட்கள் போய்விடுவார்கள் என்று நிறுவித் தரும் நிறுவனம் சொல்வது வெறும் மிரட்டலாக இருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கும் அடுத்த பணி காத்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய பெரிய தவணை ‘கோ-லைவ்’ நாளோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். இருந்தால், எந்தத் தேதியானாலும் விரைவில் தொடங்குவதில்தான் அவர்களுக்கு நன்மை. தேதி மாற்றத்துக்கு ஈடாக, பெயர் குறிப்பிட்ட ஆட்களைப் புதிய தேதிக்கு ஒதுக்கித் தரவும், கடைசித் தவணையை முதல் மாதக் கணக்கு முடிந்த பிறகு பெற்றுக்கொள்ளவும் கேளுங்கள். காத்திருப்புக்குக் கொஞ்சம் கட்டணம் கேட்பார்கள். அதை மறைக்காமல் உரிமையாளரிடம் சொல்லுங்கள். தாமதத்துக்கான பொறுப்பு யாருடையது, ஏற்பு நிபந்தனைகள் என்ன என்ற பகுதிகளை, அவர்களோடு பேசப்போவதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். அது என் துறை இல்லை.

பழைய மென்பொருளின் பராமரிப்பு முடிவதை ஓர் இறுதிக் கெடுவாக எண்ணிப் பயப்படுகிறீர்கள். பராமரிப்பு முடிவதும் பயன்படுத்தும் உரிமை முடிவதும் வேறு வேறு. உங்களுடையது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள். நீட்டிப்புக் கிடைக்குமா, மாத அடிப்படையில் தருவார்களா என்று இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். இந்தப் பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறை சான்று. பழைய சம்பள மென்பொருளுக்கான ஆதரவு நின்றுபோன நிலையில், சோதனைகளில் குறைகள் தெரிந்திருந்தும், 2010 மார்ச்சில் புதியதைத் தொடங்கினார்கள். ஊழியர்களில் ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் குறைந்தோ கூடியோ, சிலருக்கு வராமலோ போனது. 2013இல் விசாரணை ஆணையமே அமர்ந்து அதை ஆராய வேண்டியதாயிற்று.

கையெழுத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நீங்கள் நிதி மேலாளர். தொடக்க இருப்புகள் சரி என்று நீங்கள் இடும் கையெழுத்தை நாளை தணிக்கையாளரும் வங்கியும் நம்புவார்கள். உண்மையில்லாத ஒன்றில் கையெழுத்திட வேண்டாம். அதே நேரத்தில் வெறுமனே ‘மாட்டேன்’ என்று சொல்லி எழுந்து வந்துவிடவும் வேண்டாம். எவை முடிந்தன, எவை முடியவில்லை, முடியாதவற்றால் பணத்திலும் அனுப்புகையிலும் என்ன நேரும் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அந்தக் குறிப்போடு மட்டுமே கையெழுத்திடுவேன் என்று சொல்லுங்கள். அதன் பிறகும் தொடங்குவதென்று உரிமையாளர் முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. உங்கள் குறிப்பு கோப்பில் இருக்கட்டும்.

ஆனால் விஷயம் அதுவரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லார் முன்னிலையிலும் ஒரு தேதியைச் சொல்லிவிட்டவரிடம் ‘ஓராண்டு தள்ளுங்கள்’ என்றால், திட்டத்தையே கைவிடச் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு: ஓராண்டுத் தள்ளிவைப்பில் குழு கலைந்துவிடும், சுத்தம் செய்த தரவு மீண்டும் அழுக்காகும், ஊழியர்கள் இனி இது வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர் அறிவித்த நாளை வீணாக்காமல் அதற்கு வேறொரு பணியைக் கொடுங்கள். வரும் நிதியாண்டின் முதல் நாளுக்குள் பொருள் பட்டியலும் வாடிக்கையாளர் பட்டியலும் முழுமையாகச் சீராகி, அன்று முதல் பழைய மென்பொருளிலும் கிடங்குத் தாள்களிலும் புதிய குறியீடுகளே புழங்கட்டும். அது பத்து வாரத்தில் முடிகிற வேலை. ஆண்டிறுதிச் சரக்கு எண்ணிக்கையும் அதே குறியீடுகளில் நடந்துவிடும். அவர் சொன்ன நாளில் ஊழியர்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு மாற்றம் வந்திருக்கும். எட்டாம் மாதத்துக்கான பாதி வேலையும் முடிந்திருக்கும். இந்த ஏற்பாட்டைக் கிடங்குப் பொறுப்பாளரையும் உடன் அழைத்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.